வாகன்ஆர் சைஸ்ல ஒரு பேட்டரி கார் எப்பதான் வரும்?

எலெக்ட்ரிக் கார் வரிசையா வந்துட்டே இருக்கு, எந்த யூட்யூப் சேனலைத் திறந்தாலும் அதான் ஓடுது. சந்தோஷம்தான். நான் இவி, அதாவது எலெக்ட்ரிக் வண்டி, வேணாம்னு சொல்ற ஆள் இல்ல, இன்னும் சீக்கிரமா வரணும்னு நினைக்கிறவன். ஆனா வந்த லிஸ்ட்டையும் வரப்போற லிஸ்ட்டையும் கொஞ்சம் நிதானமாப் பாருங்க. மஹிந்திரா பிஇ 6 வந்தப்ப ஆரம்ப விலையே 18.90 லட்சம், எக்ஸ்இவி 9இ 21.90. ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் 17.99. டாடா ஹாரியர் இவி 21.49. நம்ம தூத்துக்குடியில தயாராகுற வியட்நாம் கம்பெனி வின்ஃபாஸ்டோட விஎஃப் 6 16.49, விஎஃப் 7 20.89. இதெல்லாம் எக்ஸ் ஷோரூம், இன்சூரன்ஸ் கட்டி சார்ஜரும் மாட்டி வெளிய வரும்போது இன்னும் ஏறும். அடுத்து டாடா அறிவிச்ச சியரா இவியும் இதே ரகம்தான். மாருதி, நாப்பது வருஷமா நமக்கு சின்னக் கார் வித்த கம்பெனி, அவங்க முதல் இவியா செஞ்சதே இ விட்டாரா, 49 இல்லன்னா 61 கிலோவாட் ஹவர் பேட்டரி போட்ட எஸ்யூவி (கிலோவாட் ஹவர்னா பேட்டரி எவ்ளோ கரண்ட் பிடிக்கும்ங்கிற அளவு, ஒண்ணுன்னா ஈபி கணக்குல ஒரு யூனிட்). டெஸ்லா மாடல் ஒய் வந்தப்ப 59.89 லட்சம், அது நம்ம பேச்சுலயே வராது.

இப்ப வாசல்ல எட்டிப் பாருங்க. தெருவுல நிக்கிறது ஆல்டோ, வாகன்ஆர், ஸ்விஃப்ட், ஐ10, க்விட். டீச்சர் வீடு, மெடிக்கல் ஷாப்காரர் வீடு, ரிட்டயர் ஆன ஈபி ஆபீஸர் வீடு. இவங்க அடுத்த கார் மாத்தும்போது எலெக்ட்ரிக் வாங்கணும்னா எதை வாங்குவாங்க? இதான் என் கேள்வி. இதைக் கம்பெனிக்காரங்ககிட்ட யாரும் சத்தமா கேக்குறதில்லன்னு எனக்கு ரொம்ப வருத்தம்.

ஸ்கூட்டர்ல பாருங்க என்ன நடந்துச்சுன்னு. ஓசூர்ல ஏதர், டிவிஎஸ், கிருஷ்ணகிரி பக்கம் ஓலா, நம்ம ஊர்ல செஞ்சு நம்ம ஊர் ஆளுங்களே வாங்கி ஓட்டுறாங்க. காய்கறி எடுக்கப் போறவர், டெலிவரி பசங்க, பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வேலைக்குப் போற அக்கா, எல்லார்கிட்டயும் இருக்கு. பெட்ரோல் காசு மிச்சமாகணும்னு நிஜமாத் தேவை இருக்குறவங்க கைக்கு அது போய்ச் சேர்ந்துச்சு. கார்ல மட்டும் தலைகீழா நடக்குது, பெட்ரோல் விலை ஏறினாலும் கவலைப்படாதவங்களுக்குத்தான் முதல்ல வண்டி வருது.

சின்ன இவிக்கு ஆள் இல்லன்னு சொல்வாங்க, நம்பாதீங்க. 2022ல டாடா டியாகோ இவிய 8.49 லட்சத்துக்கு அறிவிச்சு புக்கிங் திறந்த முதல் நாளே பத்தாயிரம் பேர் புக் பண்ணாங்க. ஆசை இருக்கு, ஆள் இருக்கு. அதுக்கப்புறம் அந்த விலையில யார் வந்தா? எம்ஜி காமெட் வந்துச்சு, நாலு பேர்தான் உக்காரலாம், ஊருக்குள்ள சுத்த நல்ல வண்டி, ஆனா குடும்பத்துக்கு ஒரே காரா அது பத்தாது. சிட்ரோயன் இசி3 நம்ம திருவள்ளூர்லயே செஞ்சாங்க, 11.50 லட்சத்துல ஆரம்பிச்சாங்க, குளோபல் என்கேப் மோதல் சோதனையில ஜீரோ ஸ்டார் வாங்குச்சு, அப்புறம் எப்படி ஓடும்? பஞ்ச் இவிதான் இப்போதைக்கு மனசு ஒத்துப்போற வண்டி, அஞ்சு ஸ்டார் பாதுகாப்பு, 25 இல்லன்னா 35 கிலோவாட் ஹவர் பேட்டரின்னு வந்துச்சு. இவ்ளோ பெரிய நாட்டுல இந்த ரகத்துல விரல் விட்டு எண்ணுற அளவுதான். மாருதி 2018லயே வாகன்ஆரை எலெக்ட்ரிக்கா மாத்தி 50 வண்டி ரோட்டுல விட்டு டெஸ்ட் பண்ணாங்க தெரியுமா, அப்புறம் அதை மக்களுக்கு விக்கவே இல்ல. அது மட்டும் வந்திருந்தா இன்னைக்கு நிலைமை வேற மாதிரி இருந்திருக்கும்னு நான் இன்னமும் நம்புறேன்.

ஏன் செய்ய மாட்டேங்குறாங்கன்னா காரணம் புரியாம இல்ல. வண்டி விலையில பெரிய பங்கு பேட்டரி, அதோட செல் பெரும்பாலும் சீனாவுல இருந்து வருது, மஹிந்திரா, மாருதி ரெண்டு பேருமே பிஒய்டிங்கிற சீனக் கம்பெனியோட செல்லைத்தான் நம்பியிருக்காங்க. 25 லட்சம் வண்டியில அந்தச் செலவை மறைச்சுடலாம், 8 லட்சம் வண்டியில மறைக்க இடம் இல்ல. போதாததுக்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆயிடுச்சு, இவிக்கு பழைய 5தான். டியாகோ பெட்ரோல் 4.57 லட்சத்துக்கு இறங்குச்சு, அப்ப டியாகோ இவி 7.99. மூணே கால் லட்சத்துக்கு மேல வித்தியாசம், சம்பளக்காரனுக்கு அது ரெண்டு மூணு வருஷ இஎம்ஐ. பெட்ரோல் கார் விலை குறைஞ்சது எனக்கு சந்தோஷம்தான், அதைத் தப்பு சொல்லல, ஆனா மத்திய அரசு எலெக்ட்ரிக் வண்டிக்கு மானியம் குடுக்குற பிஎம் இ-டிரைவ் திட்டத்துல 10,900 கோடி ஒதுக்கினப்ப சொந்த உபயோக காருக்கு ஒரு ரூபா கிடையாது. கோடீஸ்வரன் வாங்குற எஸ்யூவிக்கு மானியம் வேணாம்னு நானும் சொல்வேன். 10 லட்சத்துக்குள்ள இருக்குற வண்டிக்கு மட்டும் குடுக்கலாமே, விலை வரம்பு போட்டா முடிஞ்சுது.

அப்புறம் இந்த ரேஞ்ச் பைத்தியம், அதாவது ஒரு சார்ஜ்ல எவ்ளோ தூரம் போகும்ங்கிற கணக்கு. 500 கிலோமீட்டர், 600 கிலோமீட்டர்னு பேப்பர்ல போடுறாங்க, அது டெஸ்ட் ரூம் கணக்கு, ஏசி போட்டு பைபாஸ்ல 100ல போனா கால்வாசி, சில சமயம் அதுக்கு மேலயும் குறையும். அந்த நம்பருக்காக பெரிய பேட்டரி, பெரிய பேட்டரிய சுமக்க பெரிய வண்டி, ஹாரியர் இவி எல்லாம் ரெண்டு டன்னுக்கு மேல. தினம் ஆபீஸ் போய் வர்ற தூரத்துக்கு இதை இழுத்துட்டுப் போறது, ரெண்டு பேர் இருக்குற வீட்டுல கல்யாண அண்டாவுல சோறு வடிக்கிற மாதிரி. பொங்கலுக்கு ஊருக்குப் போகணுமேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. சென்னையில இருந்து தூத்துக்குடி 600 கிலோமீட்டர், 25 கிலோவாட் ஹவர் வண்டியில போனா வழிநெடுக சார்ஜர்லயே நிக்கணும், பண்டிகைக் கூட்டத்துல அதுவும் க்யூ. அதனாலதான் நான் கேக்குறது 30, 35 பேட்டரி, கூடவே ஒழுங்கான வேகத்துல ஏத்துற ஃபாஸ்ட் சார்ஜிங். பாதி குடும்பங்க எப்படியும் ரயில்லயும் பஸ்லயும்தான் ஊருக்குப் போகுது.

இன்னொரு விஷயம், ஷோரூம்ல யாரும் சொல்ல மாட்டாங்க, வீட்டு கரண்ட் பில். மாசம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுறீங்கன்னு வைங்க, யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர்னா ரெண்டு மாசத்துக்கு கிட்டத்தட்ட 290 யூனிட். ஏற்கனவே ஃபேன், ஃப்ரிட்ஜ், ஏசின்னு 300 எரியிற வீடு அப்படியே 500ஐத் தாண்டிடும். தாண்டினா நம்ம தமிழ்நாட்டு ஸ்லாப்பே மாறுது, 100ல இருந்து 200 வரைக்கும் கிடைச்ச குறைஞ்ச ரேட்டும் போயிடும், மேல எரியிற யூனிட்டுக்கு ரேட் எகிறும். அப்பவும் பெட்ரோலை விட ரொம்பக் கம்மிதான், சந்தேகமே வேணாம், ஆனா கணக்கு போட்டுட்டு இறங்குங்க. வண்டி சின்னதா, எடை கம்மியா இருந்தா அதே யூனிட்டுல இன்னும் கொஞ்ச தூரம் போகும், இங்கயும் சின்ன வண்டிக்குத்தான் லாபம்.

உலகத்துல மத்த இடத்துல சின்ன வண்டி வந்துட்டு இருக்கு. ஜப்பான்ல நிசான் சகுரா 20 கிலோவாட் ஹவர் பேட்டரியோட 2022லயே வந்துடுச்சு. சீனாவுல பிஒய்டி சீகல். ஐரோப்பாவுல ரெனோ 20,000 யூரோவுக்குள்ள புது ட்விங்கோ அறிவிச்சாங்க, ஃபோக்ஸ்வேகன் 2027க்கு அதே விலையில ஒண்ணு சொல்லியிருக்காங்க. பணக்கார ஊர்க்காரன் சின்ன வண்டி தேடுறான், நமக்குப் பெரிய வண்டி காட்டுறாங்க.

இதுல எனக்கு வின்ஃபாஸ்ட் மேலதான் பெரிய எதிர்பார்ப்பு, கோபமும் அவங்க மேலதான். 2024 பிப்ரவரியில அடிக்கல், 2025 ஆகஸ்ட் 4ல ஃபேக்டரி திறப்பு, ஒன்றரை வருஷத்துல சில்லாநத்தம் சிப்காட்ல 400 ஏக்கர்ல வேலைய முடிச்சுக் காட்டினாங்க. உப்பளமும் துறைமுகமும்னு இருந்த ஊர்ல கார் செய்யுறாங்கன்னா யாருக்குப் பெருமையா இருக்காது. ஆரம்பத்துல வருஷத்துக்கு 50,000 வண்டி, அப்புறம் ஒன்றரை லட்சம் வரை போகலாம்னு திட்டம். ஆனா இதே கம்பெனி வியட்நாம்ல விஎஃப் 3ன்னு குட்டி வண்டி விக்குது, அங்க சக்கைப் போடு போடுது, பேட்டரி 18.64 கிலோவாட் ஹவர்தான். 2025 ஜனவரி டெல்லி எக்ஸ்போவுல அதைக் கொண்டு வந்து காட்டவும் செஞ்சாங்க. இங்க கடை திறந்தப்ப வித்தது பெரிய வண்டி ரெண்டும். புதுக் கம்பெனிய நம்பி 20 லட்சம் போட நம்ம ஆளுங்க யோசிப்பாங்க, 8 லட்சம்னா துணிஞ்சு வாங்குவாங்க, அப்படி வாங்குறவங்கதானே பேரை ஊருக்கு ஊர் கொண்டு போவாங்க.

யோசிக்கிறதுக்குக் காரணம் இருக்கு. 2021ல ஃபோர்டு இங்க உற்பத்திய நிறுத்துறோம்னு சொன்னப்ப மறைமலைநகர்ல வேலை பார்த்தவங்க பட்ட பாட்டைப் பாத்திருக்கோம். அமெரிக்காவுல ஃபிஸ்கர்ங்கிற எலெக்ட்ரிக் கார் கம்பெனி 2024ல திவாலானப்ப வண்டி வாங்கினவங்க சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கும் ஸ்பேருக்கும் தவிச்சாங்க. ஓலா 2022 ஆகஸ்ட் 15ல அறிவிச்ச கார் வரவே இல்ல. அதனால புது ஆள்கிட்ட நான் பாக்குறது ஸ்க்ரீன் எத்தனை இன்ச்சுன்னு இல்ல, திருநெல்வேலியில, திண்டுக்கல்ல பேட்டரிய இறக்கிப் பாக்கத் தெரிஞ்ச சர்வீஸ் சென்டர் இருக்கா, பம்பர் ஆர்டர் பண்ணா எத்தனை நாள்ல வரும், பேட்டரி வாரண்டி ரெண்டாவது ஓனருக்கும் போகுமா. இந்த மூணாவது ரொம்ப முக்கியம். டாடாவும் மஹிந்திராவும் லைஃப்டைம் வாரண்டின்னு சில மாடலுக்கு சொல்றாங்களே, அது முதல் ஓனருக்கு. நம்மள்ல முக்கால்வாசிப் பேர் முதல்ல வாங்குறது செகண்ட் ஹேண்ட் கார்தான்.

கடைசியா ஒண்ணு. 2023 பிப்ரவரியில ரெனோவும் நிசானும் தமிழ்நாடு அரசோட ஒப்பந்தம் போட்டாங்க, 5,300 கோடி, ஆறு புது மாடல், அதுல ரெண்டு சின்ன சைஸ் எலெக்ட்ரிக் கார், ஓரகடத்துல தயாரிக்கிறதா சொன்னாங்க. இப்ப அந்த ஃபேக்டரி முழுசா ரெனோ கைக்கு வந்துடுச்சு. க்விட்டை எலெக்ட்ரிக்கா பிரேசில்ல விக்குறாங்க, இங்க விக்கல. ஓரகடத்துலயோ சப்ளையர் கம்பெனியிலயோ வேலை பாக்குறவங்க யாராவது நம்ம லிஸ்ட்ல இருந்தா, அந்த ரெண்டு வண்டி கதை என்னாச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க, வெளிய சொல்லக்கூடாத விஷயம்னா வேணாம். டியாகோ இவி, பஞ்ச் இவி வச்சிருக்கவங்க ஈபி பில் எவ்ளோ ஏறுச்சுன்னு போடுங்க, வாங்க நினைக்கிறவங்களுக்கு உதவும்.