ஒரே ஒரு பொத்தான்

2006 சட்டமன்றத் தேர்தல் அன்று வள்ளியூர் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அப்பாவோடு வரிசையில் நின்றேன். இந்தத் தடவை விஜயகாந்த் கட்சிக்குத்தான் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். பின்னால் நின்ற பலசரக்குக் கடை அண்ணாச்சி மெதுவாக, "ஓட்ட வீணாக்கிராதிய. அவரு இங்க எங்க ஜெயிக்கப் போறாரு? பிடிக்காதவன் வந்திரக் கூடாதுன்னா ரெண்டுல ஒண்ணுலதான் குத்தணும்" என்றார். வெளியே வந்த அப்பா டீக்கடை வரைக்கும் பேசவே இல்லை. டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் சொன்னார்: "மாத்திக் குத்திட்டேன்டே."

அந்தத் தேர்தலில் தேமுதிக 8 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கியது. ஜெயித்தது விருத்தாசலம் ஒன்றில் மட்டும். அப்பாவைப் போல மாற்றிக் குத்தியவர்கள் எத்தனை பேரோ.

இரண்டு கட்சியை விட்டு வெளியே வர மக்களுக்குத் துணிச்சல் இல்லை என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். அண்ணாச்சியின் பயம் நியாயமானது. 2016-ல் எங்கள் ராதாபுரம் தொகுதி முடிவானது வெறும் 49 ஓட்டில். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே தேர்தலில் திருநெல்வேலித் தொகுதியில் வித்தியாசம் 601. இப்படி இழுபறியாக இருக்கும் இடத்தில், தோற்கப் போகிறவர் என்று தெரிந்தே ஒருவருக்குப் போட யாருக்கு மனசு வரும்?

புதுக்கட்சி வரவே முடியாது என்று நான் சொல்லவில்லை. வரும். ஆனால் வந்தால் பழைய ஒன்றின் இடத்தில்தான் உட்காரும். 1967-ல் காங்கிரஸும் திமுகவும் மோதின. 1972-ல் திமுக உடைந்து அதிமுக பிறந்தது, 1977-ல் ஆட்சியையும் பிடித்தது. காங்கிரஸ் ஒதுங்கியது. 1989-ல் அதிமுக இரண்டாகப் பிரிந்து நான்கு முனைப் போட்டி நடந்தது. காங்கிரஸ் தனியாக நின்று கிட்டத்தட்ட 20 சதவீத ஓட்டு வாங்கியும் 234-ல் 26 இடம்தான். பிரிந்த அதிமுக சேர்ந்ததும் பழையபடி இரண்டு. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1992 அதிபர் தேர்தலில் ராஸ் பெரோ என்ற சுயேச்சை ஏறக்குறைய 19 சதவீத ஓட்டு வாங்கினார், அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் குழுவில் ஒரு ஓட்டுகூடக் கிடைக்கவில்லை. அதிக ஓட்டு வாங்கிய ஒருவருக்கே எல்லாம் என்ற விதி இருக்கும்வரை மூன்றாவது ஆளுக்கு நாற்காலி கிடையாது.

விதியை மாற்ற முடியும். நியூசிலாந்தில் 1993-ல் மக்களிடமே கேட்டு, கட்சி வாங்கிய ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப இடம் என்று மாற்றினார்கள். 1996 நாடாளுமன்றத்தில் ஆறு கட்சிகள். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் அதிபர் தேர்தல் சீட்டில் 1, 2, 3 என்று விருப்பம் போடலாம். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு 1 போட்ட சீட்டுகளில் அந்த இருவரில் யாருக்கு அடுத்த விருப்பம் என்று பார்த்துச் சேர்ப்பார்கள். 2019-ல் 3 சதவீதம் சொச்சம் வாங்கிய அநுர குமார திசாநாயக்க 2024-ல் 42 சதவீதம் வாங்கினார். யாருக்கும் பாதி வராததால், அங்கே முதல் தடவையாக இரண்டாம் விருப்பங்களையும் எண்ணித்தான் அவர் ஜெயித்ததாக அறிவித்தார்கள். அவர் வளர்ந்ததற்கு அந்தச் சீட்டு மட்டும் காரணம் இல்லை, பொருளாதாரம் விழுந்த ஆத்திரமும் சேர்ந்தது. ஆனாலும் அங்கே பயந்து மாற்றிக் குத்த வேண்டிய அவசியம் குறைவு.

நம் நாட்டிலேயே இந்த முறை இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்எல்ஏக்களும் எம்பிக்களும் 1, 2 என்றுதான் போடுகிறார்கள். 1969-ல் வி.வி.கிரி இரண்டாம் விருப்ப ஓட்டை எண்ணித்தான் ஜெயித்தார். நாம் தேர்ந்தெடுத்து அனுப்பியவருக்கு இத்தனை வசதி. அவரை அனுப்பிய நமக்கு ஒரே ஒரு பொத்தான்.

ஜனங்களுக்குக் குழப்பமாகிவிடும் என்பார்கள். பத்து வீட்டுச் சீட்டுப் பணத்தை மனக்கணக்காகவே வைத்திருக்கும் எங்கள் தெரு ஆச்சிமாருக்கு 1, 2 போடவா தெரியாது?

அப்பாவிடம் போன வாரம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அன்னைக்கு நான் நினைச்சதயே ஒண்ணாவது போட்டிருக்கலாம்லா" என்றார்.