மணிக்கூட்டில் உள்ள நாலு
உரோம இலக்கத்தில் ஓர் எழுத்து மூன்று தடவைக்கு மேல் அடுத்தடுத்து வராது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். கல்லடியில் எங்கள் வீட்டு மணிக்கூட்டில் நாலு மணிக்கு, ஒன்றைக் குறிக்கும் 'ஐ' நான்கு (IIII) நிற்கிறது. மகள் அதைக் காட்டி, "அப்ப இது பிழையா அம்மா?" என்று கேட்டாள். பிழையில்லை, மணிக்கூட்டில் அப்படிப் போடுவது பழைய வழக்கம், கொப்பியில் ஐந்துக்கு முன்னால் ஒன்றை வைத்து 'ஐ, வி' (IV) என்றே எழுது என்றேன்.

அவளுக்கு உண்மையான சிக்கல் 99இல்தான் வந்தது. நூறுக்கு முன்னால் ஒன்றை வைத்து 'ஐ, சி' (IC) என்று எழுதிவிட்டாள். 'ஐ'யை 'வி' (5), 'எக்ஸ்' (10) இரண்டிலிருந்து மட்டுமே கழிக்கலாம். அதனால் 90 தனி ('எக்ஸ், சி'), 9 தனி ('ஐ, எக்ஸ்'): 'எக்ஸ், சி, ஐ, எக்ஸ்' (XCIX). விளக்குமாற்றில் ஈர்க்கு உருவி, திண்ணையில் அடுக்கிக் காட்டினேன். 'சி'க்கு மட்டும் ஈர்க்கை வளைத்தோம். அதற்குப் பிறகு தடுமாறவில்லை.

அப்புறம் நம்முடைய பழைய தமிழ் எண்களையும் எழுதிக் காட்டினேன். ௪௰ என்றால் நாலு பத்து, நாற்பது. ௪௱ என்றால் நானூறு. கழித்தலே கிடையாது, பெரும்பாலும் வாயால் சொல்கிற மாதிரியே எழுத்தும். அவள் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டும்! அடுத்த கட்டுரையில் இதையும் சேர்த்து எழுதுங்கள்.