டிவியில் குழந்தைகள் நிறைய, குழந்தைகளுக்கான நிகழ்ச்சி எங்கே?

இன்று சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை பெரிய தமிழ் சேனல்களை வரிசையாகத் திருப்பிப் பாருங்கள். ஒன்றில் கல்யாணத்தை நிறுத்தச் சதி நடக்கும். அடுத்ததில் யாரோ பாலில் எதையோ கலந்துகொண்டிருப்பார்கள். அதற்கும் அடுத்ததில் ஆள் கடத்தல். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்போடு எடுத்த அரை மணி நேரத்தைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. எனக்கு இதில் உண்மையான கோபம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கியது. ரொம்ப காலம் ஒரே சேனல்தான். செய்தி, வயலும் வாழ்வும், ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமைப் படம் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சேனலில்தான் இடம் தேட வேண்டும். அதிலும் குழந்தைகளுக்கென்று 'கண்மணிப் பூங்கா' இருந்தது. அதற்கு முன்பே வானொலியில் கூத்தபிரான் அவர்கள் 'வானொலி அண்ணா'வாகக் குழந்தைகளோடு பேசிக்கொண்டிருந்தார். பணமும் கருவிகளும் குறைவாக இருந்த காலத்தில், குழந்தைக்கு ஒரு நேரம் ஒதுக்குவது ஒலிபரப்பு செய்பவர்களின் கடமை என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

1980களின் பிற்பகுதியில் தூர்தர்ஷனில் ஆர்.கே. நாராயணின் மால்குடி கதைகள் தொடராக வந்தன. சங்கர் நாக் இயக்கினார், ஆகும்பேயில் படம்பிடித்தார்கள், இசை எல். வைத்தியநாதன். அப்பாவுக்குப் பயப்படுகிற, பரீட்சைக்குப் பயப்படுகிற, பாட்டியோடு ஒட்டிக்கொள்கிற சுவாமி என்ற பையன் அதில் வருவான். இந்தி தெரியாத வீடுகளிலும் அவனைத் தெரியும். தாத்தாவும் பார்த்தார், பேரனும் பார்த்தான். தாத்தாவுக்குத் தன் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்திருக்கும், பேரனுக்குத் தன் நாளைய பரீட்சை. குடும்பத்தோடு பார்க்கும் நிகழ்ச்சி என்றால் எனக்கு அதுதான். குழந்தைக்குப் புரியாததைக் குழந்தையை வைத்துக்கொண்டு பார்ப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

தனியார் சேனல்களும் இதைச் செய்துகாட்டியிருக்கின்றன. சன் டிவியில் 2004 முதல் 2007 வரை வந்த 'மை டியர் பூதம்' நினைவிருக்கிறதா? மூசா என்கிற குட்டி பூதம், கௌரி என்கிற சிறுமி. பின்னாளில் கதாநாயகியான நிவேதா தாமஸ்தான் அந்த கௌரி. இன்றைய கண்ணுக்கு அதன் கிராபிக்ஸ் எளிமையாகத் தெரியலாம். ஆனால் அது தமிழில் யோசித்து, தமிழ்ப் பிள்ளைகளை நடிக்க வைத்து, பெரியவர்கள் பார்க்கும் அதே பெரிய சேனலில் வந்த குழந்தைகள் தொடர். தெருவில் விளையாடுகிற பையன்கள் மூசா மாதிரி மந்திரம் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். இன்று முப்பதை ஒட்டிய வயதில் இருப்பவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

அப்புறம் 2007இல் சுட்டி டிவி வந்தது. நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன். தமிழில் முழுநேரக் குழந்தைகள் சேனல் என்பது சின்ன விஷயம் இல்லை. டோராவும் புஜ்ஜியும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஆனார்கள். 'குள்ளநரி திருடக் கூடாது' என்று மூன்று வயதுக் குழந்தைகள் டிவியைப் பார்த்துக் கத்தினார்கள். மொழிமாற்றம் செய்தவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அது காதுக்கு இயல்பான தமிழ். ஆனால் கூடவே ஒன்று நடந்தது என்று நினைக்கிறேன். குழந்தைகளுக்குத்தான் தனி சேனல் இருக்கிறதே என்று பெரிய சேனல்கள் கையைக் கழுவிக்கொண்டன. பிள்ளைகள் ஒரு சேனலுக்கும் பெரியவர்கள் இன்னொரு சேனலுக்கும் போனார்கள். வீட்டில் ஒரே டிவி இருந்தால் ஜெயித்தது பெரியவர்களின் சீரியல். பிள்ளை அதையே பார்த்துப் பழகியது.

குழந்தைகள் சேனல்களில் ஓடுவதும் பெரும்பாலும் வேறெங்கோ செய்து தமிழில் குரல் கொடுத்தவைதான். ஹைதராபாத்தில் உருவான சோட்டா பீம் 2008இல் போகோவில் தொடங்கியது, மோட்டு பட்லு 2012இல் நிக்கில். இந்தியாவிலேயே உருவாகி இவ்வளவு காலம் நிற்பது பெருமையான விஷயம். என் ஆதங்கம் வேறு. பீமின் தோலக்பூர் லட்டுவும் மோட்டுவின் ஃபுர்ஃபுரி நகர் சமோசாவும் தெரிந்த நம் பிள்ளைக்கு, ராமநாதபுரத்துப் பள்ளிக்கூடத்துப் பெண்ணோ வடசென்னைக் குடியிருப்புப் பையனோ கதாநாயகராக வரும் ஒரு தொடர் இல்லை. காலை உணவுக்கு வரிசையில் நிற்கும் பிள்ளை தன்னைப் போல ஒரு முகத்தைத் திரையில் பார்ப்பதே இல்லை.

அப்படியானால் டிவியில் தமிழ்க் குழந்தைகளே இல்லையா? இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். பாட்டுப் போட்டி, நடனப் போட்டி, மழலைப் பேச்சு நிகழ்ச்சி என்று வரிசையாக. ஆறு வயதுக் குழந்தையிடம் 'உனக்கு ஆளு இருக்கா' என்று கேட்டு அரங்கமே சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்குக் கேள்வி புரியவில்லை, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று தானும் சிரித்தது. பெரியவர்கள் ஆடும் இரட்டை அர்த்தப் பாட்டுக்குக் குழந்தையை ஆட வைப்பதும் சகஜமாகிவிட்டது. இதெல்லாம் குழந்தைகளை வைத்துப் பெரியவர்களுக்காகச் செய்யும் நிகழ்ச்சிகள். பெரியவர்களின் நடன அசைவுகளைக் குழந்தைகளை ஆட வைக்காதீர்கள் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே 2019 ஜூன் மாதம் சேனல்களுக்கு அறிவுரை அனுப்ப வேண்டியிருந்தது. இப்படி ஒன்றை அரசு சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நடிக்கும் குழந்தைக்காவது சட்டத்தில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவெளி இல்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தையின் பெயரில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும். பார்க்கும் குழந்தைக்காகவும் ஒரு விதி இருக்கிறது. அதிகமான குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் குழந்தைகளுக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகளைப் போடக் கூடாது என்று கேபிள் டிவி விதிகள் 1994இலிருந்தே சொல்கின்றன. சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் குழந்தைகள் இல்லாமல் எங்கே போவார்கள்? அந்த விதியை யாராவது கடைசியாக எப்போது எடுத்துப் படித்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

சேனல்காரர்கள் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும். விளம்பரம் சீரியலுக்குத்தான் வருகிறது, வீட்டுக்குச் சாமான் வாங்க முடிவெடுப்பவர் சீரியல் பார்க்கிறார், டிஆர்பி அங்கேதான். அனிமேஷனுக்குச் செலவு அதிகம், மொழிமாற்றம் மலிவு. வியாபாரமாக இது சரியான கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்பது வாரத்துக்கு ஒரு அரை மணி நேரம். சீரியலிலும் போட்டி நிகழ்ச்சியிலும் அவ்வளவு சம்பாதிக்கும் சேனலால் அதைக்கூடத் தாங்க முடியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

இப்போதுதான் கையில் ஃபோன் இருக்கிறதே, யூடியூபில் எல்லாம் கிடைக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. நல்லவை அங்கே நிச்சயம் இருக்கின்றன. ஆனால் குழந்தை அதைத் தனியாகப் பார்க்கிறது. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது, எது ஓட வேண்டும் என்று முடிவெடுப்பது ஒரு இயந்திரம். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும்போது குழந்தை கேள்வி கேட்கும். 'அவன் ஏன் பாட்டி பொய் சொன்னான்?' என்று கேட்டால் பாட்டி தன் ஊர்க் கதை ஒன்றைச் சேர்த்துப் பதில் சொல்வார். என் அக்கா மகள் ஃபோனைப் பார்க்கும்போது யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. எனக்குப் பெரிய கவலை அதுதான்.

அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது பல வீடுகளுக்கு அதுதான் வகுப்பறை. கேமரா, ஸ்டுடியோ, ஆசிரியர்கள் எல்லாம் அங்கே இருக்கிறார்கள். பாடத்தோடு வாரம் ஒரு கதைத் தொடரும் வரட்டுமே. அரசுப் பள்ளிக் கலைத் திருவிழாவில் நடிக்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு, நடிக்க ஆள் கிடைக்காது என்ற கவலையே வராது.

தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலான பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று புதுப் பெயரோடு வந்தது. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கான சட்டத்திலேயே குழந்தைகளின் நலனைக் காக்கத் தனி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதனால் என் முதல் கோரிக்கை அவர்களிடம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தமிழில் எழுதி, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நடிக்கும் அரை மணி நேரம் ஒன்று கொடுங்கள். பொம்மலாட்டமாக இருக்கட்டும், அறிவியலாக இருக்கட்டும், ஒரு தெருவின் கதையாக இருக்கட்டும். சிறார் இலக்கியம் எழுதுபவர்கள் இப்போது தமிழில் நிறையப் பேர் இருக்கிறார்கள், கதைக்குப் பஞ்சமே இல்லை. இந்தப் பதிவைப் படிப்பவர்களில் டிவியில் வேலை பார்ப்பவர் யாராவது இருந்தால், அடுத்த நிகழ்ச்சித் திட்டக் கூட்டத்தில் இந்த ஒரு அரை மணி நேரத்தைப் பற்றிப் பேசுங்கள்.