பழைய சிம்மை அணைக்க அப்படி என்ன அவசரம்?

பிளாஸ்டிக் சிம்முக்குப் பதிலாக போனுக்குள்ளேயே பதிந்துகொள்ளும் இ-சிம்முக்கு மாறுங்கள், மாறுங்கள் என்று மொபைல் கம்பெனிக்காரர்கள் ஓயாமல் மெசேஜ் அனுப்புகிறார்களே, மாறப் போனவன் பாதி வழியில் மாட்டிக்கொண்டால் யாரிடம் போய் நிற்பது?

ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடித்தால் வரும் 32 இலக்க இ.ஐ.டி. எண்ணை, அதாவது போனில் உள்ள இ-சிம் சிப்பின் அடையாள எண்ணை, ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்துத்தான் கொடுத்தேன். சம்மதம் கேட்டார்கள், அதையும் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பழைய சிம்மில் சிக்னல் போய்விட்டது. இ-சிம்மோ செட்டிங்ஸில் 'ஆக்டிவேட் ஆகிறது' என்று சுற்றிக்கொண்டே இருந்தது. போனை அணைத்துப் போட்டும், வைஃபையை மாற்றியும் அசையவில்லை.

சரி, கஸ்டமர் கேரிடம் கேட்போம் என்று மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டேன். "உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார்" என்கிறார் அந்தப் பெண். அந்த நம்பர்தானம்மா செத்துக் கிடக்கிறது! ஆப்பைத் திறந்தால் அதற்கும் ஓடிபி. ஷோரூமுக்குப் போனால், "இ-சிம் எல்லாம் ஆப்லதான் சார்." சத்தம் போட்ட பிறகுதான் ஆதார், கைரேகை எல்லாம் மறுபடி வாங்கிக்கொண்டு புது க்யூஆர் கோடு கொடுத்தார்கள்.

சிக்னல் வந்தது, எஸ்எம்எஸ் வரவில்லை. சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நிறுத்தப்படுமாம். நம்பரைக் கடத்தி பேங்க் ஓடிபியைப் பிடுங்கும் திருடர்களைத் தடுக்க வைத்த விதி, அது வேண்டியதுதான். ஆனால் அதை முதலிலேயே ஒரு வரி சொல்லியிருந்தால், வாடகை போட வேண்டிய நாளிலா இந்த வேலையைத் தொடங்கியிருப்பேன்?

எனக்கு ஆத்திரமே இங்கேதான். இ-சிம் போனில் இறங்கிப் பதிந்துவிட்டதா இல்லையா என்ற தகவல் போனிலிருந்தே சர்வருக்குப் போகிறது. அது வந்து சேர்ந்த பிறகு பழைய சிம்மை அணைத்தால் என்ன கெட்டுப்போகும்? அமெரிக்காவில் 2022-லேயே ஐபோன் 14-இல் சிம் போடும் இடத்தை எடுத்துவிட்டார்கள். 2025-இல் வந்த ஐபோன் ஏர் இங்கேயும் அப்படித்தான். அதை வாங்குகிறவர் அவசரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சிம்மைப் போட்டுச் சமாளிக்கக்கூட முடியாது. செத்துப்போன நம்பருக்கு ஓடிபி அனுப்புவதை முதலில் நிறுத்துங்கள். ஆதாரையும் ஆளையும் நேரில் பார்த்து அங்கேயே வேலையை முடித்துக் கொடுக்க ஒவ்வொரு ஷோரூமிலும் ஒருவரை உட்கார வையுங்கள்.