குழுக் கடனும் குழுச் சேமிப்பும் ஒன்றல்ல

வட இலங்கையில் எங்கள் பக்கத்தில் "குழு" என்றாலே சில அக்காமாரின் முகம் மாறிவிடுகிறது. காரணம் இருக்கிறது. 2009 இல் போர் முடிந்து யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்தபிறகு, சிறு தொகைக் கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனங்கள் வரிசையாக வந்தன. அடகு வேண்டாம், அயலில் நாலைந்து பெண்கள் ஆளுக்காள் பிணை நின்றால் போதும் என்றார்கள். கணவனை இழந்தவர்களும் காணாமல் போனவரைத் தேடிக்கொண்டிருந்தவர்களும் வேறு எங்கே போவார்கள்? கையெழுத்துப் போட்டார்கள்.

அப்புறம் கிழமைக்கு ஒருநாள் காசு சேர்க்கிறவர் மோட்டார் சைக்கிளில் வந்து முற்றத்தில் இருந்துவிடுவார். ஒருத்தியிடம் இல்லையென்றால் மற்றவர்கள் போட்டுக் கட்டும்வரை ஒருவரும் எழும்பமுடியாது. அதைக் கட்ட இன்னொரு கம்பனியில் கடன். இப்படித்தான் அயலட்டை உறவே முறிந்தது. 2018 இல், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. அதே ஆண்டு உரிமம் பெற்ற நுண்நிதி நிறுவனங்களுக்கு ஆண்டு வட்டி 35 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பும் வந்தது. வரம்பே 35 என்றால் அதற்கு முன்னம் என்ன வாங்கியிருப்பார்கள்!

இதைப் பார்த்துவிட்டு சுயஉதவிக் குழுவே கூடாது என்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். அங்கே சேமிப்பு முதல், கடன் பிறகு. இந்தியாவில் விவசாயத்துக்கும் கிராம வளர்ச்சிக்குமான நபார்ட் வங்கி 1992 இல் குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியபோதும் அந்த ஒழுங்கில்தான் போனது. 15 பேர் கிழமைக்கு 200 ரூபா போட்டால் ஒரு வருசத்தில் 1,56,000 ரூபா. அதிலிருந்து ஒருத்தி எடுத்தால் அவள் கட்டும் வட்டியும் அந்தப் பெட்டிக்கே திரும்பி வரும். என் சின்னம்மாவின் குழுவில் தகரப்பெட்டி ஒரு வீட்டில், திறப்பு இன்னொரு வீட்டில். ஞாயிறு பின்னேரம் வாசிகசாலைத் திண்ணையில் எல்லாருக்கும் கேட்கக் காசை எண்ணித்தான் கொப்பியில் எழுதுவார்கள்.

அந்தக் காசின் பெரிய பலன் காத்திருக்க முடிவதுதான். தை, மாசியில் பனங்கிழங்கு குவியும்போது வியாபாரி சொல்வதே விலை. அன்றைக்கு அடுப்பெரிய வேண்டியவள் கொடுத்துவிடுவாள். பெட்டியில் காசு இருந்தால் கிழங்கைப் பிளந்து காயவைத்து ஒடியலாக்கலாம், அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக்கலாம், இரண்டும் மாதக்கணக்கில் கெடாது. விலை ஏறும்போது விற்கலாம். கூழுக்கு ஒடியல் மாவைத் தேடி வாங்குகிற எங்கள் சனம் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கிற உறவுகளே, தனித்தனி ஆளுக்குத் தையல் மெசினும் ஆடும் கொடுத்துப் படம் எடுத்தது போதும். ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைப் பிடியுங்கள். கணக்குக் கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காக இருந்தால் மா அரைக்கும் மெசினையும் காயவைக்கச் சீமெந்துக் களத்தையும் சங்கத்தின் பெயரிலேயே செய்துகொடுங்கள். பிறகு உங்கள் ஊர்த் தமிழ்க் கடைக்காரரிடம் பேசி, வருசத்துக்கு இவ்வளவு கிலோ எடுப்போம் என்று எழுத்தில் வாங்கிக் கொடுங்கள்.