டிடிஎஸ் மீட்டர் குரோமியத்தைக் காட்டாது

அண்ணே, "ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவை அள்ளிவிட்டால் கிணறு தெளிந்துவிடும். மச்சான் வீட்டுக் கிணற்றில் மீட்டரை முக்கினேன், 500-க்குக் கீழே, தாராளமாகக் குடிக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ரெண்டுமே தப்பு.

தொண்டியிலும் கீழக்கரையிலும் நமக்குத் தொல்லை உப்பு. அதற்கு டிடிஎஸ் மீட்டர் சரி, நீரில் கரைந்த உப்புகள் மொத்தம் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அது தோராயமாகக் காட்டும். குரோமியத்துக்குக் குடிநீர் வரம்பே லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான். அதைப்போல இருபது மடங்கு இருந்தாலும் மொத்தம் 1 மில்லிகிராம். மீட்டரில் 300 என்பது 302 ஆகுமோ என்னவோ. மஞ்சள் நிறத்தையும் நம்ப முடியாது, கண்ணுக்குத் தெரியும்போது வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும். ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

அப்புறம் அந்தக் கழிவு. ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனங்கள் தயாரித்த ஆலை 1995-ல் மூடிய பிறகும் ரெண்டு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது. மேட்டை எடுத்தாலும், அதுவரை களிமண்ணுக்குள் இறங்கிய ஆறு இணைதிறன் குரோமியம் (நீரில் எளிதில் கரையும் நச்சு வகை) மெதுவாக நீருக்குத் திரும்பும். நீரை இறைத்துச் சுத்திகரிக்கும்வரை அளவு இறங்கும், பம்ப்பை நிறுத்தினால் மறுபடி ஏறலாம். மழையில் நீர்மட்டம் உயர்ந்தால் மேல்மண்ணில் ஒட்டியிருப்பதும் கரைந்து வரும். அதனால் கோடையிலும் மழைக்குப் பிறகும், ஆலைக்கு மேல்புறக் கிணறு, நீரோட்டத் திசையில் கீழ்ப்புறக் கிணறு என்று அதே இடங்களில் பல வருடம் மாதிரி எடுக்க வேண்டும். அதிலும் குழாயில் தேங்கிய நீரை முதலில் இறைத்துக் கொட்டிவிட்டு, புதிதாக வருவதைத்தான் பாட்டிலில் பிடிக்க வேண்டும்.

மச்சானிடம் ஆய்வக அறிக்கை இருந்தால் கேளுங்கள், எந்த மாதத்து மாதிரி என்று பார்ப்போம்.