துறவி நண்டுக்கு ஈரம்தாங்க உயிர்
கண்ணாடித் தொட்டியில கொஞ்சம் மணலும் தண்ணிக் கிண்ணமும் வெச்சா, காலிச் சங்குக்குள்ள குடியிருக்கிற துறவி நண்டு வளர்ந்துடும்னு கட்டுரையில எழுதியிருக்கீங்க. ஈரோட்டு வெயிலுக்கு அது பத்தாதுங்க. தரையில வாழ்ந்தாலும் அது செவுளாலதான் மூச்சு விடுது. ஈரப்பதம் 70, 80 சதவீதம் இல்லேன்னா திணறிச் செத்துப்போகும். தொட்டிக்கு மூடி கட்டாயம். பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கிற தென்னை நார்க்கழிவை நல்லா அலசி, மணலோட கலந்து, அரையடி ஆழத்துக்கு ஈரமாப் போடுங்க. தோலுரிக்க மணலுக்குள்ளே போனா வாரக்கணக்குல வெளியே வராது. செத்துடுச்சுன்னு தோண்டிடாதீங்க, பாவம். அப்ப உடம்பு அவ்வளவு மிருதுவா இருக்கும். எங்க வீட்டுல ஒண்ணு மேலே வந்தப்ப கால் நுனியெல்லாம் பளபளன்னு இருந்துச்சு. குளோரின் நீக்கின நல்ல தண்ணி, கடல்மீன் தொட்டிக்கான உப்பு கலந்த தண்ணி, ரெண்டும் வேணும். சாயம் பூசின சங்கு மட்டும் வாங்கவே வாங்காதீங்க.